சற்று நேரத்தில் வந்து சேரும்

மத்தியான ரயிலுக்கான அறிவிப்பில் "வந்து சேரும்" என்று சொல்லி முடிக்கும்போது மைக்கம்மாவின் பல் ஒன்று ஆடியது. மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல். நாக்கு போய்த் தொட்டதும் அது ஊஞ்சல் போல முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம் போய்வந்தது. மைக்கை அணைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கம்மா என்பது நிலையத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுகிற பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் தேட வேண்டும். முதல் நடைமேடையின் கோடியில், மாடிப்படிக்கு அடியில், அவளுக்கென்று ஒரு கண்ணாடி அறை. எது வருகிறது, எது கிளம்புகிறது, எது வழக்கம்போலத் தாமதம் என்பதை அங்கே உட்கார்ந்து ஊருக்குச் சொல்வது அவள் வேலை. ஒலிபெருக்கிகள் பழசு; கத்தினால் கடைத்தெரு வரை கேட்கும். தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இருந்த பள்ளிக்கூடத்தில் இன்னும் நன்றாகக் கேட்கும். அவள் மகள் அங்கேதான் படித்தாள். பள்ளியில் சேர்த்த முதல் நாள், காலைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளையிடம் "அம்மா எங்கயும் போகலடி, கேட்டுக்கிட்டே இரு, பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடிவந்து, மூச்சிரைக்க மைக்கைப் போட்டவள் அவள். அன்று ஊர் பூராவும் ரயில் அறிவிப்பில் பெருமூச்சு கேட்டது. அது முதல் அந்தக் குரல் பயணிகளுக்கும் மகளுக்கும் சேர்த்தே பேசியது.

ஆடிய பல் ஒரு பால்பல். சிரிக்காதீர்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கும் போய்விட்ட பெண்ணின் வாயில் ஒரு பால்பல் இருக்கத்தான் இருந்தது. மற்றதெல்லாம் விழுந்து முளைத்த காலத்தில் இது மட்டும் "நான் ஏன் போகணும்?" என்று உட்கார்ந்துவிட்டது. சின்னதாக, வெள்ளையாக, வரிசையில் தப்பி வந்து நிற்கும் குழந்தை மாதிரி. அவள் புருஷனுக்கு அதன்மேல் தனிப் பிரியம். சண்டை முற்றினால், "பால்பல்லு கூட விழாதவகிட்ட என்னத்தைப் பேச?" என்று சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடுவான்.

இப்போது அது ஆடுகிறது. அடுத்த ரயிலுக்கு மைக்கைப் போட்டபோதுதான், தமிழில் 'ச' இல்லாமல் ரயில் ஓட்ட முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. வருகிற ரயில் வந்து சேரும். போகிற ரயில் புறப்பட்டுச் செல்லும். எதுவும் நேரத்துக்கு வராது என்பதால் எல்லாமே சற்று நேரத்தில். பல்லை நாக்கால் அண்டைகொடுத்தால் 'ச' வரவில்லை. நாக்கை எடுத்தால் பல் போய்விடும்போல இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். ஆனால் அந்த வாரம்தான் நிலைய அதிகாரி கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்திருந்தார்.

"ஏம்மா, இனிமே எல்லாம் மெஷின்தானாம். ஒரே ஒரு தடவை பதிவு பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அதுவே பேசிக்கும். மேலிடத்துல ஒரு குரல் தயாரா வெச்சிருக்காங்க. நான்தான், எங்க ஸ்டேஷனுக்கு எங்க மைக்கம்மா குரலே இருக்கட்டுமேன்னு சொல்லியிருக்கேன். தெளிவா இருந்தா எடுத்துக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் ஆள் வர்றார்." சொல்லிவிட்டு அவர் வாய்க்குள் எதையோ சரிசெய்துகொண்டார். அவருடையது முழுக்கக் கட்டின பல்; வேகமாகப் பேசினால் ஒரு பக்கம் நகரும்.

"அப்ப நான்?"

"டிக்கெட் கவுன்ட்டர்ல போட்டுடறேன். வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்ல."

வேலையைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நாளைக்கு எந்தக் குரல் போகும் என்பதுதான் அவள் கவலை. யாரோ ஒருத்தி அவள் மகளுக்கு மத்தியான ரயிலைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் பதிவு தன் குரலில்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கால் உடைந்தால் காப்பீடு, கல்லீரல் கெட்டால் காப்பீடு, கண்ணில் திரை விழுந்தால் காப்பீடு. பல் மட்டும் உடம்பில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. பதினெட்டு வயது வரைக்கும் ராஜ மரியாதை: சொத்தையை அடைப்பார்கள், கோணலை நிமிர்த்துவார்கள், கம்பி கட்டுவார்கள், கையில் பலூன்கூடக் கொடுப்பார்கள். பதினெட்டு முடிந்த மறுநாளிலிருந்து உங்கள் பல் உங்கள் பாடு. பெரியவர்களுக்குத் திட்டம் தாராளமாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான், பிடுங்குவது. கட்டுவதற்குப் பைசா பெயராது. அதனால் அந்த ஊரில் பிள்ளைகள் எல்லாம் பளீரென்று சிரிக்கும். பெற்றவர்கள் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எந்தப் புண்ணியவான் யோசித்த யோசனையோ தெரியவில்லை.

மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிற சாக்கில் மைக்கம்மா பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகளை வீட்டில் அணில் என்று கூப்பிடுவார்கள்; எதையும் முன்பல்லால் கொறிப்பதால் வந்த பெயர். அணிலுக்கும் அதே இடப்பக்கத்துக் கோரைப்பல் ஆடிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் அறையில் பச்சைத் தண்ணீரோடு ஒரு மீன்தொட்டி. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரி நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டு, மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குத் துணைக்கு வந்தது என்று சொல்ல முடியாது.

கவுன்ட்டர்க்காரர் நல்ல மனுஷர். மெதுவாகத் தட்டச்சு செய்வார், மெதுவாகத் தலையாட்டுவார்.

"மாத்துப் பல்லு பெரியவங்களுக்குத் திட்டத்துல இல்லம்மா. தொழிலுக்கு அவசியம்னா மட்டும் ஒரு விலக்கு இருக்கு."

"எனக்குத் தொழிலே பேசறதுதாங்க."

"அட, அந்தக் குரலா நீங்க! அப்ப கண்டிப்பா கிடைக்கும்." ஆர்வமாகத் தட்டினார். அப்புறம் முகம் சுருங்கியது. "பால்பல்லுன்னா சொன்னீங்க?"

"ஆமாங்க."

"பால்பல்லுன்னு போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குது. பால்பல் விழுந்தா புதுப்பல் முளைக்கும், காத்திருக்கவும்னு வருது."

"என் வயசைப் பாத்துமா முளைக்கும்னு சொல்லுது?"

"அதுக்குத்தான் குழந்தைங்க பிரிவுல போட்டுப் பாத்தேன். வயசு ஜாஸ்தின்னு தள்ளிவிடுது."

அணில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அம்மா, நீ பெரியவளும் இல்லையாம், சின்னவளும் இல்லையாம்."

"சும்மா இருடி."

"கொஞ்ச நாள் காத்திருந்துதான் பாருங்களேன்," என்றார் கவுன்ட்டர்க்காரர், மனதாரச் சொன்னார். "முளைச்சாலும் முளைக்கும்."

மைக்கம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகலாம் என்றால், கடிக்கவும் பயமாக இருந்தது.

பல் டாக்டர் ஒரு நெட்டையான பெண்மணி. வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ ராகம் இழுப்பார். அணிலை நாற்காலியில் ஏற்றிப் பார்த்து, "உன்னுது தானா விழும், நீ கிளம்பு" என்று இறக்கிவிட்டார். அம்மாவின் முறை வந்தது. பால்பல்லைப் பார்த்ததும் ராகம் நின்றது. படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, அறை விளக்கை அணைத்தார்.

இருட்டில் மைக்கம்மாவின் தாடை நீலமாக மிதந்தது. தன் எலும்பையே பார்ப்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பற்கள் வரிசையாகக் காலூன்றி நின்றன. பால்பல் மட்டும் வேர் கரைந்து, வெறுமனே ஒட்டிக்கொண்டு இருந்தது. அதற்கும் மேலே, மூக்குக்குப் பக்கத்தில், முழுசாக வளர்ந்த ஒரு பல் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"இது யாரு?" என்றாள் அணில்.

"அம்மாவோட பல்லுதான். உன் வயசுல வந்திருக்கணும். பால்பல்லு இடத்தை விடாம உக்காந்துடுச்சு, இது வழி தெரியாம அப்படியே சாஞ்சு படுத்துடுச்சு." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "இத்தனை வருஷமா தூங்குது."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இறங்க வேண்டிய இடம் தாண்டியும் மேல்படுக்கையில் தூங்கிக்கொண்டே போகும் பயணிகளை மைக்கம்மா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் அந்த முதுகுகள். தன் வாய்க்குள்ளேயே அப்படி ஒரு பிரயாணி போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஐயோ பாவம் என்று இருந்தது அவளுக்கு.

"வெளியில கொண்டுவர முடியுமா டாக்டர்?"

"முடியலாம். பால்பல்லை எடுத்துட்டு, ஈறுல சின்னதா ஒரு ஜன்னல் திறந்து, அந்தப் பல்லுல ஒரு சங்கிலியைக் கட்டி, கம்பியோட மாட்டி, மெது மெதுவா இழுக்கணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். வரலாம், வராமலும் போகலாம்."

"திட்டத்துல உண்டா?"

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். "கம்பி கட்டறதுன்னு தனியாக் கேட்டா பிள்ளைங்களுக்கு மட்டும்தான். ஆனா இதைக் கேளுங்க. 'புதைந்த பல்லை வெளியே எடுத்தல். அதற்கான கருவிகள் உட்பட, எல்லா வயதினருக்கும்.' கடைசியா முளைக்குமே ஞானப்பல்லு, அதைப் பிடுங்கறதுக்காக எழுதினது. பிடுங்கறதுன்னு போட எழுதினவருக்குக் கூச்சம் போல, வெளியே எடுத்தல்னு நாசூக்கா எழுதிட்டார்."

"அதனால?"

"எடுத்து எங்க வைக்கணும்னு எழுதலியே. நான் வெளியே எடுத்து வாயிலயே வெச்சுடறேன்."

அணில் கைதட்டினாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு விஷயம். புதுப் புத்தகம் அச்சாகிட்டிருக்கு. யாராவது கண்ணாடியைத் துடைச்சுட்டு ஒழுங்காப் படிச்சா இந்த வழி அடைஞ்சு போயிடும். ஆரம்பிக்கறதுன்னா இந்த மாசமே ஆரம்பிக்கணும்."

அடுத்த மாதம் பதிவு. பால்பல்லை இப்போது எடுத்தால், பதிவன்று வாயில் ஓட்டை. ஓட்டை வழியாக 'ச' போய்விடும். குரல் போய்விடும். அவள் மெல்லக் கேட்டாள்: "அடுத்த மாசம் என் குரலைப் பதிவு பண்றாங்க டாக்டர். அது முடியற வரைக்கும் இதைத் தள்ளிப்போட முடியாதா?"

"பால்பல்லைப் பக்கத்துப் பல்லோட ஒட்டிவிடலாம். ஒரு ரெண்டு மாசம் தாங்கும். ஆனா அப்புறம் இந்த வரி புத்தகத்துல இருக்குமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது." டாக்டர் விளக்கைப் போட்டார். "வீட்ல பேசிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அவள் புருஷன் ரொட்டி அடுப்பில் வேலை செய்பவன். விடியும் முன் போய், மத்தியானம் மாவு படிந்த புருவத்தோடு வந்து தூங்குவான். அன்று தூங்காமல் விஷயத்தைக் கேட்டான். மேசையில் அவன் கொண்டுவந்த காய்ந்த ரொட்டி இருந்தது. மைக்கம்மா அதைத் தேநீரில் ஊறவைத்து, வலது பக்கமாக மென்றாள்.

"ஒட்டிக்கோ," என்றான். "பல்லு இன்னைக்கு இல்லாட்டி என்னைக்காவது பாத்துக்கலாம். குரல் போச்சுன்னா போனதுதானே?"

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது."

அதற்குள் அணில் ஒரு துண்டு ரொட்டியைக் கொறித்து, "ஆ!" என்றாள். உள்ளங்கையில் பல். கண்ணாடி முன்னால் ஓடிப்போய் நின்று, பல் போன சந்தோஷத்தில், ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டாள். "பயணிகள் கவனத்திற்கு! மூன்றாவது நடைமேடைக்குச் சற்று நேரத்தில் வந்து சேரும்!" ஒவ்வொரு 'ச'விலும் ஒரு சின்ன விசில். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். மைக்கம்மா சிரித்தாள், பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

அணில் கரண்டியை இறக்கினாள். "அம்மா, அந்தத் தூங்கற பல்லுக்குக் காது கேக்குமா?"

"பல்லுக்கு ஏதுடி காது?"

"இல்ல, நீ எல்லா ரயிலுக்கும் கூப்பிடறே. யார் யாரையோ எழுப்பி இறக்கிவிடறே. அதை மட்டும் ஒரு தடவை கூடக் கூப்பிடலியேன்னு கேட்டேன்."

மைக்கம்மா தேநீரைக் குடித்தாள்.

மறுநாள் மத்தியானம், இரண்டு ரயில்களுக்கு நடுவே, கண்ணாடி அறையில் அவள் கண்ணயர்ந்துவிட்டாள். நடைமேடை முழுக்க நீல வெளிச்சம், ஆஸ்பத்திரிப் பலகையில் பார்த்ததைப் போல. ஒரு ரயில் வந்து நின்றது. பெட்டிகள் எல்லாம் வெள்ளை. கதவுகள் திறந்து எல்லோரும் இறங்கினார்கள், ஒருவர் பின் ஒருவராக, பல்வரிசை மாதிரியே நெருக்கியடித்துக்கொண்டு. ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு முதுகு. போர்வை போர்த்திக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. சின்ன உருவம், பத்து வயதுப் பிள்ளை அளவு. மைக்கம்மாவின் கையில் மைக் இருந்தது. 'எழுந்திரு, இறங்க வேண்டிய இடம் வந்தாச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தால் பால்பல் விழுந்துவிடும். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ரயில் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. ஜன்னல் அவளைத் தாண்டும்போது அந்தப் பிள்ளை புரண்டு படுத்தது. முகம் அவளுடையதாகவும் இருந்தது, அணிலுடையதாகவும் இருந்தது.

திடுக்கிட்டு எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது. எத்தனையோ ஊர்க்காரர்களைத் தட்டி எழுப்பியவள், சொந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டாளே என்று அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. மத்தியான ரயிலை அறிவித்து முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

"டாக்டர், ஒட்ட வேணாம். வெளியே எடுத்துடுங்க."

பால்பல் கேட்டதும் வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் பிடிவாதம் பிடித்தது, டாக்டரின் விரல் பட்டதும் "சரி" என்று கழன்றது. அணில் அதைத் தன் பல்லோடு சேர்த்துப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். இரண்டும் ஒரே அளவு, எது யாருடையது என்று அப்புறம் அவளுக்கே தெரியவில்லை. ஈறில் ஜன்னல் திறந்தது. அதற்குள்ளிருந்து பொடிச் சங்கிலி ஒன்று தொங்கியது. தினமும் காலையில் அம்மாவும் மகளும் கண்ணாடி முன்னால் ஓட்டைகளைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அம்மா மைக் குரலில் சொல்வாள்: "பயணிகள் கவனத்திற்கு. மேல்படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும் பயணி தயவுசெய்து இறங்கவும்." மகள் அதையே விசிலோடு திருப்பிச் சொல்வாள். இப்போது அம்மாவுக்கும் அதே விசில்தான்.

பதிவு செய்பவர் ஒரு தோல்பையோடும் அவசரத்தோடும் வந்தார். கண்ணாடி அறையின் கதவு இடுக்கில் துணியை அடைத்தார். நிலைய அதிகாரி மூலையில் நின்றார். மைக்கம்மா ஆரம்பித்தாள். "சற்று நேரத்தில்..." விசில். "வந்து சேரும்." விசில். பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி அவளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். அவள் காது மடல் சூடேறியது.

"சார், இதை அனுப்பினா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. அவங்க குரலையே போட்டுடுவாங்க."

"இருங்க, 'ச' வராம எழுதிப் பாப்போம்," என்றார் அதிகாரி. மூவரும் உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள். மைக்கம்மா படித்தாள்: "மூன்றாவது நடைமேடையில் ரயில் வரும். பிறகு ரயில் போகும்."

"என்னங்க இது, ஒண்ணாங்கிளாஸ் பாடமா?" என்றார் பதிவுக்காரர்.

"போகும்னா எங்கயோ தொலைஞ்சு போற மாதிரி இருக்கு," என்று அதிகாரியே ஒத்துக்கொண்டார். மைக்கம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. "பரவால்ல சார். அவங்க குரலையே போட்டுக்குங்க. நான் தெரிஞ்சேதான் எடுத்தேன்."

அதிகாரி கட்டின பல்லை வாய்க்குள் நகர்த்திச் சரிசெய்துகொண்டார். "உங்க வயசுல நானும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேம்மா. ரெண்டு சொத்தைதான். அடைக்கறதுக்குத் திட்டத்துல இல்லன்னாங்க. பிடுங்கறதுக்கு இருக்குன்னாங்க. ஓசிதானேன்னு வலிக்கறப்பல்லாம் ஒண்ணொண்ணா குடுத்துட்டு வந்தேன். இப்ப என் பேத்தி நான் சிரிச்சா நகருதா இல்லையான்னு பாக்கறா." பதிவுக்காரர் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்ல பெரியவங்க வாயில பல்லு போய்த்தான் பாத்திருக்கோம். ஒண்ணு வருதுன்னா அதுக்காக விசில் அடிச்சா அடிக்கட்டுமே. ரயில் ஸ்டேஷன்தானே சார், விசில் கேட்டா என்ன தப்பு?"

"நான் எப்படி சார்..."

"தெளிவா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடறேன். உங்க ரயிலுக்கும் நேரமாச்சு."

பதிவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மைக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான வார்த்தைகளையே, விசில் விசிலாக, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவள் சொன்னது நேராகப் பள்ளிக்கூட ஜன்னலைப் பார்த்து.

பல் வர ஒரு வருஷமும் சொச்சமும் ஆனது. போகும்போதெல்லாம் டாக்டர் ராகம் இழுத்துக்கொண்டே சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைப்பார். சில மாதங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. வராமலே போய்விடுமோ என்று அவள் துவண்டுபோனாள். ஒருநாள் டிக்கெட் கவுன்ட்டரில் சில்லறை கொடுக்கும்போது நாக்கில் ஏதோ கூர்மையாகத் தட்டுப்பட்டது. வரிசையில் நின்றவர்களை மறந்து அவள் அப்படியே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைசித் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கவுன்ட்டர்க்காரர் எட்டி அவள் வாய்க்குள் பார்த்தார். முழுசாக, பளபளவென்று, புத்தம் புதுசாக ஒரு கோரைப்பல்.

"பாத்தீங்களா? காத்திருங்க, முளைக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் வெற்றியோடு. அவள் மறுக்கவில்லை. அவர் பக்கத்தில் புதுப் புத்தகம் இருந்தது. அதில் அந்த வரியைத் திருத்தியிருந்தார்கள்: 'புதைந்த பல்லைப் பிடுங்கி அகற்றுதல்.' யாரோ கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் கையால் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவளைக் கடந்து வெளியே வருவது மைக்கம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து, அணிலோடு நடைமேடையில் நடந்தாள். அணில் உயர்ந்துவிட்டாள், அவளுக்கும் பல் எப்போதோ முளைத்துவிட்டது. மைக்கம்மா "சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று சொல்லிப் பார்த்தாள். 'ச' கத்திபோல் சுத்தமாக வந்தது. பக்கத்தில் நின்ற பயணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்து, பழைய விசிலோடு அதையே சொன்னது. நடைமேடையில் எல்லோரும் பெட்டியைத் தூக்கினார்கள்.

"அந்த விசிலை அடி பாக்கலாம்," என்றாள் மைக்கம்மா. அணில் முயன்றாள். அம்மா முயன்றாள். இரண்டு பேராலும் முடியவில்லை. ஓட்டை அடைபட்ட வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. இரண்டு பேரும் கையால் மறைக்காமல் சிரித்தார்கள்.

"இப்ப பேசினா நல்லாருக்குமேம்மா. மறுபடி பதிவு பண்ணச் சொல்லேன்," என்று சொன்னவள், உடனே தலையை ஆட்டினாள். "வேணாம், வேணாம்."

"ஏன்டி?"

"கிளாஸ்ல அது கேக்கறப்பல்லாம் எனக்கு மட்டும் தெரியும். அது நாம ரெண்டு பேரும் ஒரே வயசா இருந்தப்ப நீ பேசினது."

மைக்கம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு அடியிலேயே நின்றாள். தூரத்தில் விளக்கு தெரிந்தது. ரயில் வந்துகொண்டிருந்தது.